பொறுப்பு அதிகாரி ஏன் மாசக்கணக்கா தொடர்றார்? அரசுத் துறையில அடுத்த தலைமை எப்படி வருது, எங்க சிக்குது

2025 ஆகஸ்ட் கடைசியில தமிழ்நாடு டிஜிபி சங்கர் ஜிவால் ரிட்டயர் ஆனப்போ அந்த நாற்காலிக்கு ரெகுலரா ஆள் வரல, ஜி. வெங்கட்ராமன் 'பொறுப்பு டிஜிபி'யா வந்தார். அப்போ நிறைய பேருக்கு ஒரே குழப்பம். ஒருத்தர் எந்த தேதியில வீட்டுக்குப் போவார்னு அரசாங்கத்துக்கு பல வருஷம் முன்னாடியே தெரியுமே, அப்புறம் ஏன் அடுத்த ஆள் ரெடியா இல்ல?

இது டிஜிபி லெவல்ல மட்டும் நடக்குற விஷயம் இல்ல. கடலூர்ல மஞ்சக்குப்பம் பக்கம் இருக்குற அரசு ஆபீஸ்கள்லயோ, புதுச்சேரியில ஏதாவது ஒரு துறை இயக்குநர் ஆபீஸ்லயோ போய் லெட்டர்ல கையெழுத்துக்குக் கீழ பாருங்க, பதவிக்குப் பக்கத்துல '(பொ)'ன்னு இருக்கும், இல்லன்னா 'மு.கூ.பொ'ன்னு இருக்கும். அது என்ன, எப்படி வருது, அதனால நமக்கு என்ன ஆகுதுன்னு அடிப்படையிலேர்ந்து பாக்கலாம்.

முதல்ல, காலி எப்போ விழும்னு தெரியுமா?

தெரியும். வேலைக்கு சேர்ற அன்னைக்கே தெரியும். அரசு ஊழியர் ரிட்டயர் ஆகுறது அடிப்படை விதி 56 படி, எஃப்ஆர் 56ன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. வயசு வரம்பு எந்த மாசத்துல முடியுதோ அந்த மாசத்தோட கடைசி நாள் சாயங்காலம் ரிட்டயர்மென்ட். 1ஆம் தேதி பிறந்தவங்களா இருந்தா அதுக்கு முந்தின மாசக் கடைசி நாள். சர்வீஸ் ரெஜிஸ்டர் முதல் பக்கத்துல பிறந்த தேதி இருக்கு, அத வச்சு ஒரு துறையில அடுத்த பத்து வருஷத்துல எந்தெந்த மாசம் எந்தெந்த நாற்காலி காலியாகும்னு ஒரு கிளார்க் ஒரு நாள் உக்காந்தா லிஸ்ட் போட்டுடலாம். சாவு, விருப்ப ஓய்வு, டெபுடேஷன், சஸ்பென்ஷன் இதெல்லாம் திடீர்னு வரும், உண்மைதான். ஆனா பெரிய பதவிகள் காலியாகுறதுல பெரும்பாலானது வயசாலதான்.

வயசு வரம்பே மாறுனா கணக்கு குழம்பும், அதுக்கு நம்ம மாநிலமே உதாரணம். தமிழ்நாட்டுல ரொம்ப வருஷமா 58ஆ இருந்துச்சு, 2020 மே மாசம் 59 ஆக்குனாங்க, 2021 பிப்ரவரியில 60 ஆக்குனாங்க. அதாவது 2020 மே கடைசியில போக வேண்டியவங்க மொதல்ல ஒரு வருஷம், அப்புறம் இன்னொரு வருஷம்னு தள்ளிப்போய் 2022 மே கடைசியிலதான் போனாங்க, அந்த ரெண்டு வருஷம் 58 வரம்புக்குள்ள இருந்தவங்கள்ல வயசு காரணமா யாருமே போகல. மேல இருக்குறவர் போகலன்னா கீழ இருக்குறவர் ஏற முடியாது, அவருக்குக் கீழ இருக்குறவரும் அதே படியில நிப்பார். அந்த ரெண்டு வருஷத்துல பதவி உயர்வு வாங்கி பெரிய வேலைய கத்துக்க வேண்டிய நடுத்தட்டு அதிகாரிகள் கத்துக்காமயே 57, 58 வயசத் தொட்டாங்க, மேல போனப்போ கையில மிச்சம் இருந்தது ரெண்டு மூணு வருஷம்தான். பண நெருக்கடிய வச்சு எடுத்த முடிவு, ஆனா தலைமை வரிசைக்கு அது செஞ்ச பாதிப்ப அந்த நேரத்துல பெருசா யாரும் பேசல. புதுச்சேரி மத்திய அரசு விதிகள பின்பற்றுறதால அங்க ஏற்கனவே 60தான்.

அடிக்கடி வர்ற வார்த்தைகள், அதுக்கு அர்த்தம்

1. பேனல்: அடுத்த பதவிக்குத் தகுதியானவங்க யார் யார்னு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைக்குற லிஸ்ட். காலி விழுந்தா இந்த லிஸ்ட்லேர்ந்து வரிசையா ஆர்டர் போடணும். தமிழ்நாட்டுல இது 2016 வருஷத்து அரசு ஊழியர் பணி நிபந்தனைகள் சட்டத்துக்குக் கீழ வருது.

2. டிபிசி: துறை பதவி உயர்வுக் குழு. மத்திய அரசு முறையில, அதனால புதுச்சேரியிலயும், இந்தக் குழு கூடித்தான் யார் தகுதின்னு முடிவு பண்ணும். கடைசி 5 வருஷத்து செயல்பாட்டு அறிக்கை, சீனியாரிட்டி லிஸ்ட், விஜிலென்ஸ் கிளியரன்ஸ் (ஊழல் புகார் நிலுவையில இல்லன்னு சான்று) எல்லாம் மேஜைக்கு வரணும். ஒரு பேப்பர் குறைஞ்சாலும் கூட்டம் தள்ளிப்போகும்.

3. அட்ஹாக்: பதவி உயர்வு மாதிரியே இருக்கும், ஆனா தற்காலிகம். எப்போ வேணா கீழ இறக்கலாம், அந்த வருஷங்கள் சாதாரணமா சீனியாரிட்டியிலயும் சேராது.

4. முழு கூடுதல் பொறுப்பு: ஒரு அதிகாரி தன்னோட சொந்த வேலையோட சேத்து காலியா இருக்குற இன்னொரு பதவியையும் பாக்குறது. அதத்தான் மு.கூ.பொ.ன்னு போடுறாங்க, பேச்சுல எஃப்ஏசி.

5. அன்றாடப் பணிப் பொறுப்பு: மேல சொன்னத விட சின்னது. ஆபீஸ் நடக்கணும், சம்பள பில் போகணும், தபால் பாக்கணும், அதுக்காக ஒருத்தர வைக்குறது. முழு பொறுப்புக்கும் இதுக்கும் இருக்குற வித்தியாசம் வெளியில தெரியாது, கோர்ட்டுக்குப் போனா மட்டும் பெருசா தெரியும். அது எப்படின்னு கீழ வருது.

கம்பெனி மாதிரி 'இவர்தான் அடுத்தவர்'னு அரசு சொல்ல முடியாது

தனியார்ல தலைமை வாரிசு திட்டம்னா பெரும்பாலும் ஒரு ஆள அடையாளம் கண்டு, அவர நாலு இடத்துல போட்டு வளத்து, ஒரு நாள் நாற்காலியில உக்கார வைக்குறது. அரசுல அப்படி செஞ்சா மறுநாளே வழக்கு வரும், வரணும். அரசியல் சாசனம் 16ஆவது பிரிவு அரசு வேலையில எல்லாருக்கும் சம வாய்ப்புன்னு சொல்லுது, அதுல பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுற உரிமையும் அடங்கும்னு நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப சொல்லியிருக்கு. தகுதியான பத்து பேர்ல ஒருத்தர மட்டும் செல்லப்பிள்ளையா தயார் பண்றது மத்த ஒன்பது பேருக்கு செய்யுற அநியாயம்.

அதனால அரசுல திட்டம்னா ஆள தயார் பண்றது இல்ல, அடுத்த வரிசைய மொத்தமா தயார் பண்றது. யார் வந்தாலும் முதல் நாளே நாற்காலிய தாங்குற அளவுக்கு அஞ்சு பேருக்கு அனுபவம் இருக்கணும், அந்த அஞ்சு பேர்ல யாருன்னு சட்டப்படி முடிவு பண்ற வேலை காலி விழறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். இந்த ரெண்டும்தான். அரசுல இதெல்லாம் முடியாதுன்னு சொல்றவங்க சமவாய்ப்ப காரணமா காட்டுவாங்க, ஆனா சமவாய்ப்பு தடுக்குறது ஒருத்தர முன்னாடியே நியமிக்குறதத்தான், முன்னாடியே பேனல் போடுறத இல்ல. மத்திய பணியாளர் துறை 1998லயே டிபிசிக்கு ஒரு மாதிரி காலண்டர் கொடுத்திருக்கு, காலி விழுற வருஷம் ஆரம்பிக்குறதுக்குள்ள பேனல் ரெடியா இருக்கணும்ங்கிறதுதான் அதோட நோக்கமே.

நம்ம கடலூர் மாவட்டத்துலயே வேற ஒரு முறையும் ஓடுது. நெய்வேலி என்எல்சி மத்திய பொதுத்துறை நிறுவனம், அதோட தலைவர், இயக்குநர் பதவிகளுக்கு பொதுத்துறை நிறுவனத் தேர்வு வாரியம் காலி விழறதுக்கு முன்னாடியே விளம்பரம் கொடுத்து, நேர்காணல் வச்சு, ஒரு பேர சிபாரிசு பண்ணும், மத்திய அமைச்சரவையோட நியமனக் குழு ஒப்புதல் கொடுக்கும். உள்ளேர்ந்தும் வரலாம், வேற பொதுத்துறையிலேர்ந்தும் வரலாம். அங்கயும் தாமதம் ஆகுறது உண்டு, ஆனா நாற்காலியில இருக்குறவர் போறதுக்கு முன்னாடியே தேர்வு ஆரம்பிக்கணும்ங்கிறது அந்த அமைப்போட வேலையிலயே இருக்கு. பக்கத்துல இருக்குற மாநில அரசு ஆபீஸ்ல பெரும்பாலும் காலி விழுந்த அப்புறம்தான் ஃபைல் நகர ஆரம்பிக்குது.

அப்போ எங்க சிக்குது?

1. சீனியாரிட்டி வழக்கு. இதுதான் எல்லாத்துக்கும் மேல, அதனால கொஞ்சம் விரிவா. பேனல் போடணும்னா யார் சீனியர்னு ஒரு இறுதி லிஸ்ட் வேணும். அந்த லிஸ்ட்ல ஒருத்தர் கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கினா மொத்த வரிசையும் நிக்கும். தமிழ்நாட்டுல டிஎன்பிஎஸ்சி மூலமா வந்தவங்களுக்கு சீனியாரிட்டிய தேர்வுல எடுத்த தரவரிசைப்படி போடணுமா, இடஒதுக்கீட்டு சுழற்சி வரிசைப்படி போடணுமான்னு பெரிய சண்டை வருஷக்கணக்கா நடந்துச்சு. சுழற்சி முறைக்கு இடம் கொடுத்த 2016 சட்டத்தோட சில பிரிவுகள சென்னை ஹைகோர்ட் 2019ல ரத்து பண்ணுச்சு, உச்ச நீதிமன்றம் 2020ல அதுல தலையிட மறுத்துச்சு, அதுக்கப்புறமும் சரியா அமல் பண்ணலன்னு 2021ல கோர்ட் அவமதிப்பு வழக்கு வரைக்கும் போய்தான் தரவரிசைப்படி லிஸ்ட்ட திருப்பி போடுங்கன்னு கண்டிப்பா உத்தரவு வந்துச்சு. லிஸ்ட்ட திருப்பிப் போட்டா ஏற்கனவே மேல போனவர் கீழ வருவார், கீழ இருந்தவர் மேல போவார், அவங்க மறுபடி வழக்குப் போடுவாங்க. இடைப்பட்ட காலத்துல ரிட்டயர் ஆகுறவங்க ஆகிட்டே இருப்பாங்க, நாற்காலிகள் பொறுப்புல ஓடும். இதுல வழக்குப் போட்டவங்கள குத்தம் சொல்ல முடியாது, அவங்க கேக்குறது அவங்க உரிமை. இறுதி சீனியாரிட்டி லிஸ்ட்ட வருஷா வருஷம் வெளியிட்டு ஆட்சேபணைகள அப்பப்போ முடிக்காம, இருபது வருஷக் கணக்க ஒரே நாள்ல தீக்கப் பாக்குறதுதான் பிரச்சனை.

2. ஒழுங்கு நடவடிக்கை. தமிழ்நாட்டுல 17பி சார்ஜ் மெமோ (பெரிய தண்டனைக்கு வழி வைக்குற குற்றச்சாட்டு நோட்டீஸ்) நிலுவையில இருந்தா பேனல்ல பேர் சேக்குறது கஷ்டம். மத்திய அரசு முறையில அவரப் பத்தின டிபிசி முடிவ விசாரணை முடியுற வரைக்கும் சீல் வச்ச கவர்ல போட்டு வைப்பாங்க. தப்பு செஞ்சவர் மேல போகக் கூடாதுங்கிறது நியாயம்தான், ஆனா விசாரணை ஏழெட்டு வருஷம் இழுத்தா குத்தமில்லாதவரும் அதுலயே ரிட்டயர் ஆயிடுவார். ரிட்டயர்மென்ட்டுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி மெமோ வர்றத பத்தி ஊழியர் சங்கங்கள் ரொம்ப காலமா பேசிட்டு இருக்காங்க.

3. நியமன விதி பழசா இருக்குறது. புதுசா ஒரு பதவி உருவாக்குவாங்க, இல்ல துறைய ரெண்டா பிரிப்பாங்க, ஆனா அந்தப் பதவிக்கு யார் தகுதின்னு சொல்ற விதிய திருத்த மாட்டாங்க. விதி இல்லாம ரெகுலர் நியமனம் கிடையாது.

4. பதவி உயர்வு வேணாம்னு சொல்றது. புதுச்சேரிக்கு இது தனி சிக்கல், ஏன்னா யூனியன் பிரதேசம் நாலு துண்டா இருக்கு, மாஹே கேரளக் கரையில, யானம் ஆந்திராவுல கோதாவரி பக்கம். பதவி உயர்வோட அங்க மாத்தல் வந்தா, பிள்ளைங்க படிப்பு, வீட்டுல வயசானவங்கன்னு பாத்து சில பேர் மறுப்பாங்க. மத்திய விதிப்படி மறுத்தா ஒரு வருஷத்துக்கு மறுபடி அந்த உயர்வு கொடுக்க மாட்டாங்க, அதுக்குள்ள அடுத்தவருக்கு ஆர்டர் போகணும், அடுத்தவரும் மறுக்கலாம்.

5. மேல இருக்குறவங்களுக்கு வசதி. இத யாரும் ஃபைல்ல எழுத மாட்டாங்க, ஆனா எழுதி வச்ச நாலு காரணத்துக்கும் ஈடா இது ஒண்ணு நிக்கும்னு நான் நினைக்குறேன். ரெகுலரா பதவி உயர்வு வாங்கின அதிகாரிய அந்தப் பதவியிலேர்ந்து கீழ இறக்கணும்னா காரணம் வேணும். பொறுப்பு அதிகாரிய ஒரே ஒரு பக்க ஆர்டர்ல நாளைக்கே எடுத்துடலாம். தன் நாற்காலி எந்த நிமிஷமும் போகலாம்னு தெரிஞ்ச ஒருத்தர் அமைச்சர் ஆபீஸ்லேர்ந்து போன் வந்தா 'விதியில இடமில்ல சார்'னு சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. நல்ல அதிகாரிகள் அப்பவும் சொல்லுவாங்க, சொல்லியிருக்காங்க. ஆனா ஒரு அமைப்பு தனி மனுஷனோட தைரியத்த நம்பி ஓடக் கூடாது.

இந்த அஞ்சாவது காரணத்துக்காகத்தான் உச்ச நீதிமன்றமே போலீஸ் விஷயத்துல நுழைஞ்சுது. 2006 பிரகாஷ் சிங் தீர்ப்புல, மாநில டிஜிபிய யுபிஎஸ்சி பேனல் போடுற மூணு மூத்த அதிகாரிகள்லேர்ந்துதான் எடுக்கணும், குறைஞ்சது ரெண்டு வருஷம் பதவியில இருக்கணும்னு சொல்லிச்சு. அதுக்கும் வழி கண்டுபிடிச்சு பல மாநிலங்கள் பொறுப்பு டிஜிபி போட ஆரம்பிச்சதும், 2018 ஜூலையில மறுபடி ஒரு உத்தரவு: இப்ப இருக்குறவர் ரிட்டயர் ஆக மூணு மாசம் முன்னாடியே பேர்கள யுபிஎஸ்சிக்கு அனுப்புங்க, பொறுப்பு டிஜிபின்னு ஒரு யோசனையே எந்த மாநிலத்துக்கும் வரக் கூடாது. அதுக்கப்புறமும் நம்ம மாநிலம் உட்பட பல இடத்துல பொறுப்பு நியமனம் நடந்திருக்கு. இவ்வளவு தெளிவான உத்தரவு இருக்குற பதவி இது, இதுக்கே இந்த நிலைமைன்னா எந்த உத்தரவும் இல்லாத ஒரு மாவட்ட அதிகாரி பதவிய பத்தி சொல்லவே வேணாம்.

பொறுப்பு அதிகாரியால எது முடியும், எது முடியாது

இங்கதான் பொதுமக்கள் நேரடியா அடிபடுறாங்க. மத்திய அரசு விதிகள்ல எஃப்ஆர் 49னு ஒண்ணு கூடுதல் பொறுப்ப பத்தி பேசுது, புதுச்சேரிக்கு இதுதான் பொருந்தும். கூடுதல் பொறுப்புக்கு தனி சம்பளம் 45 நாளுக்கு மேல போனாதான், அதுவும் 3 மாசம் வரைக்கும்தான், அதத் தாண்டினா தனியா ஒப்புதல் வாங்கணும். கூடுதல் பொறுப்புங்கிறது சில வாரத்துக்கான ஏற்பாடுங்கிற எண்ணத்துல எழுதுன விதி இது.

அதோட சேந்து 1963ல உள்துறை அமைச்சகம் கொடுத்த ஒரு விளக்கம் இருக்கு, அதத்தான் ஆபீஸ்ல இருக்குறவங்களே பல பேர் மறந்துடுறாங்க. அன்றாடப் பணிக்காக மட்டும் வச்சிருக்குற ஒருத்தர் அந்தப் பதவியோட நிர்வாக அதிகாரத்தையும் நிதி அதிகாரத்தையும் பயன்படுத்தலாம், ஆனா சட்ட அதிகாரத்தப் பயன்படுத்த முடியாது. அதாவது ஒரு சட்டமோ அதுக்குக் கீழ வந்த விதியோ 'இந்த அதிகாரி' இத செய்யலாம்னு பதவிப் பேர் சொல்லி கொடுத்த அதிகாரம், முறைப்படி அந்தப் பதவியில நியமிக்கப்பட்டவருக்கு மட்டும்தான்.

இதோட விளைவு என்னன்னா, சம்பள பில் போகும், பேப்பர் வாங்குவாங்க, கூட்டத்துக்குப் போவாங்க, வெளியிலேர்ந்து பாத்தா ஆபீஸ் ஓடும். ஆனா ஒரு சட்டத்துக்குக் கீழ லைசென்ஸ ரத்து பண்ணணும், அப்பீல் கேக்கணும், ஒரு ஊழியருக்கு பெரிய தண்டனை கொடுக்கணும்னா, அந்த ஆர்டர்ல கையெழுத்துப் போட்டவருக்கு அதிகாரமே இல்லன்னு எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாதமாவே வைப்பார். விஷயம் எவ்வளவு நியாயமா இருந்தாலும் அந்த ஒரு ஓட்டையில விழலாம். இது தெரிஞ்ச ஜாக்கிரதையான அதிகாரி 'ரெகுலர் ஆபீசர் வரட்டும்'னு ஃபைல ஓரமா வைப்பார், தெரியாதவர் கையெழுத்துப் போடுவார். முதல் வகையில மக்கள் காத்திருக்கணும், ரெண்டாவது வகையில மக்கள் கோர்ட்டுக்கு அலையணும்.

நேரமும் இருக்கு. விருத்தாசலத்துல உக்காந்து வேலை பாக்குற ஒருத்தருக்கு சிதம்பரம் ஆபீஸும் கூடுதல் பொறுப்புன்னா, வாரத்துல ரெண்டு நாள்தான் அங்க வருவார், அந்த ரெண்டு நாள்ல கலெக்டர் ஆபீஸ் மீட்டிங் விழுந்தா அதுவும் போச்சு. காட்டுமன்னார்கோயில்லேர்ந்து பஸ் ஏறி வந்த விவசாயிக்கு 'சார் இன்னைக்கு வரலங்க' மட்டும்தான் பதில்.

கடலூருக்கு இது ஏன் கூடுதல் ஆபத்து

நம்ம மாவட்டம் தண்ணியால அடி வாங்குற மாவட்டம். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் இங்கதான் கடல்ல சேருது, மேல எங்க மழை பேஞ்சாலும் கடைசியில இங்க வரும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர்ல பண்ருட்டி பக்கம் பெரியகாட்டுப்பாளையம் விசூர்ல காட்டாறு வந்தது, 2024ல ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையக் கடந்து அங்க ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டினது, அதுக்கடுத்து சாத்தனூர் அணையிலேர்ந்து 1.68 லட்சம் கனஅடி தெறந்து தென்பெண்ணையில வந்தது. ஒவ்வொண்ணும் வேற மாதிரி வந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் எந்தக் கரை முதல்ல உடையும், எந்த ரோடு முதல்ல முங்கும், எந்த ஸ்கூல்ல ஆளுங்கள தங்க வைக்கலாம்னு தெரிஞ்சவங்க இருந்த இடத்துல உயிர் தப்பிச்சுது.

2015 வெள்ளத்தப்போ அரசு என்ன பண்ணுச்சுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. சுனாமி காலத்துல இங்க கலெக்டரா இருந்த ககன்தீப் சிங் பேடிய திரும்ப கடலூருக்கு கண்காணிப்பு அதிகாரியா அனுப்புனாங்க. நல்ல முடிவு, அவருக்கு ஊரு தெரியும், மக்களுக்கும் அவரத் தெரியும். ஆனா பதினோரு வருஷம் கழிச்சு அதே ஆள தேட வேண்டி வந்துச்சுன்னா, 2004ல இந்த மாவட்டம் கத்துக்கிட்டது ஆபீஸ்ல தங்கல, ஒரு மனுஷனோட தலையில தங்கியிருக்கு. அவர் வேற மாநிலத்துல இருந்திருந்தா? ரிட்டயர் ஆகியிருந்தா?

கலெக்டர் லெவல் வெளியில தெரியுது. அதுக்குக் கீழ தெரியாத ஒரு அடுக்கு இருக்கு, என் கவலை அதுலதான் அதிகம். வீராணம் ஏரிய எடுத்துக்கங்க. கொள்ளிடத்துல கீழணையிலேர்ந்து வடவாறு வழியா தண்ணி வருது, முழு மட்டம் 47.50 அடி, சென்னை குடிநீருக்கும் அங்கேர்ந்து போகுது, மழைக்காலத்துல அரியலூர் பக்கமிருந்து வர்ற காட்டு ஓடைத் தண்ணியும் சேருது. உபரிய லால்பேட்டை பக்கம் வெள்ளியங்கால் ஓடையில விட்டா குமராட்சி சுத்துவட்டார வயல்ல ஏறும், விடலன்னா ஏரிக்கரைக்கு ஆபத்து. எவ்வளவு வரத்து இருக்கும்போது எந்த மட்டத்துல நிறுத்தணும், எப்போ தெறக்க ஆரம்பிச்சா கீழ இருக்குற கிராமத்துக்கு நேரம் கிடைக்கும்ங்கிறது விதிப் புத்தகத்துல பாதிதான் இருக்கு. மீதி பாதி பல மழைக்காலம் பாத்த இன்ஜினியர்கிட்டயும், மதகு தெறக்குற லஸ்கர்கிட்டயும் இருக்கு. அந்த இன்ஜினியர் மே 31 ரிட்டயர் ஆகுறார்னு வைங்க, அந்த இடம் பக்கத்து உபகோட்டத்துக்காரர்கிட்ட கூடுதல் பொறுப்பா போகுது, லஸ்கர் பணியிடம் ஏற்கனவே காலி, அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் கரை, வாய்க்கால், ஷட்டர் எல்லாம் பாத்து சரி பண்ண வேண்டிய நாலு மாசம் பொறுப்புலயே கழிஞ்சிடும்.

புதுச்சேரியில ரெட்டைப் பாதை

புதுச்சேரி கொஞ்சம் வேற மாதிரி. தலைமைச் செயலர், பல துறைச் செயலர்கள் எல்லாம் ஏஜிஎம்யூடி கேடர் ஐஏஎஸ் அதிகாரிகள், அதாவது டெல்லி, கோவா, அருணாசல், மிசோரம், அந்தமான்னு சேந்த பொதுக் கேடர், மாத்தல் ஆர்டர் மத்திய உள்துறையிலேர்ந்து வரும். அவங்க சில வருஷம் இருந்துட்டு அடுத்த இடத்துக்குப் போயிடுவாங்க. ஊர்ல நிரந்தரமா இருக்குறது புதுச்சேரி சிவில் சர்வீஸ் அதிகாரிகளும் துறை அதிகாரிகளும்தான், அனுபவம் முழுக்க அவங்ககிட்ட.

ஆனா அவங்க மேல வர்ற பாதை நீளம். புதுச்சேரிக்குன்னு தனி பப்ளிக் சர்வீஸ் கமிஷன் கிடையாது, குரூப் ஏ பதவிகளுக்கு யுபிஎஸ்சிதான். துறை ஃபைல் தயார் பண்ணணும், பணியாளர் துறை பாக்கணும், டெல்லிக்குப் போகணும், அங்கேர்ந்து 'இந்த வருஷத்து அறிக்கை இல்ல'ன்னு கேள்வி வரும், திரும்ப வரும், திரும்ப போகும். அதனாலதான் அட்ஹாக்கா பல வருஷம் ஓட்டிட்டு அட்ஹாக்லயே ரிட்டயர் ஆகுறவங்க இருக்காங்க. மேல இருக்குறவருக்கு ஊர் புதுசு, கீழ இருக்குறவருக்கு நாற்காலி உறுதியில்ல. இந்த நிலைமையில அஞ்சு வருஷத் திட்டம் ஒண்ணு யார் பொறுப்புல நடக்கும்?

சட்டம் மாத்தாமயே செய்யக் கூடியவை

1. முன்கூட்டியே சேத்து வைக்குறது. டெல்லியில பெரிய பதவிகளுக்கு இது நடக்குது. தமிழ்நாடு கேடர் அதிகாரி டி.வி. சோமநாதன் 2024 ஆகஸ்ட் 30 மத்திய அமைச்சரவைச் செயலரா பொறுப்பேத்தார், அதுக்கு முன்னாடி சில வாரம் அதே செயலகத்துல சிறப்புப் பணி அதிகாரியா இருந்தார், பழையவர்கூட உக்காந்து வேலையப் புரிஞ்சுக்குறதுக்காக. உள்துறைச் செயலர் பதவிக்கும் இப்படி செஞ்சிருக்காங்க. நாட்டோட மிக மூத்த அதிகாரிக்கே இந்த அவகாசம் தேவைப்படுதுன்னா வீராணத்துக்குப் புதுசா வர்ற இன்ஜினியருக்கு தேவைப்படாதா? மழைக்காலத்த நேரடியா கையாளுற பதவிகளுக்கு மட்டுமாவது ஒரு மாசம் ஒண்ணா வேலை பாக்க வழி செய்யலாம், ஒரு மாச சம்பளம்தான் செலவு.

2. ஒப்படைப்புக் குறிப்பு. இப்போ பொறுப்பு மாறும்போது போடுற சான்றுல சாவி, பணம், ரெஜிஸ்டர், ஜீப் எல்லாம் இருக்கும். நிலுவை வழக்கு எத்தனை, எந்த கான்ட்ராக்டர்கிட்ட தகராறு, எந்தக் கரை பலவீனம், எந்த கிராமத்துல என்ன வாக்குறுதி கொடுத்திருக்கு, இதெல்லாம் இருக்காது. ரிட்டயர் ஆகுறவர் கடைசி மூணு மாசத்துல இத எழுதிக் கொடுக்கணும்னு துறைத் தலைவர் ஒரு சுற்றறிக்கை விட்டா போதும்.

3. ரெண்டாவது ஆளுக்கு உண்மையான வேலை. தலைவர் லீவ்ல போகும்போது அடுத்தவர் தபால் மட்டும் பாக்காம முடிவெடுக்கட்டும், அதையும் ஒரே ஆளுக்கே கொடுக்காம சுத்தி விடட்டும், அப்போ சமவாய்ப்பும் காப்பாத்தப்படும்.

4. பொறுப்புக்குக் காலக் கெடு. அமெரிக்காவுல 1998ல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, செனட் ஒப்புதல் தேவைப்படுற பதவிகள்ல தற்காலிகமா இருக்குறவர் பொதுவா 210 நாளுக்கு மேல இருக்க முடியாது, கெடு தாண்டினா அந்தப் பதவிக்கே உரிய அதிகாரத்துல அவர் எடுக்குற முடிவு செல்லாது. அங்கயும் சுத்தி வளைச்சு வழி தேடுறாங்கதான், ஆனா கெடுன்னு ஒரு நாள் இருக்குறதால பத்திரிகையும் கோர்ட்டும் கேள்வி கேக்க முடியுது. நம்மகிட்ட 3 மாச வரம்பு சம்பளத்துக்கு மட்டும் இருக்கு. அதிகாரத்துக்கும் ஒரு வரம்பு வச்சா ஃபைல் தானா நகரும்.

உங்க ஊர் ஆபீஸ்ல எப்படி தெரிஞ்சுக்குறது

தகவல் உரிமைச் சட்டம் 2005ல 10 ரூபாய் கட்டணத்தோட அந்த ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க, 30 நாளுக்குள்ள பதில் வரணும். 'ஏன் ஆள் போடல'ன்னு கேட்டா அது தகவல் இல்லன்னு திருப்பி அனுப்பிடுவாங்க, அதனால ஆவணமா கேளுங்க:

1. இந்தப் பதவி எந்த தேதியிலேர்ந்து காலி, அதுலேர்ந்து யார் யார் எந்த ஆணைப்படி கூடுதல் பொறுப்பு வகிக்குறாங்க, ஆணை நகல்கள்.

2. அந்த ஆணை முழு கூடுதல் பொறுப்பா, அன்றாடப் பணிக்கு மட்டுமா.

3. இந்தப் பதவிக்கு கடைசியா பேனல் ஒப்புதல் ஆன தேதி, அடுத்த பேனலுக்கான முன்மொழிவு அனுப்பின தேதி, அது இப்போ எந்த ஆபீஸ்ல இருக்கு.

4. அடுத்த 24 மாசத்துல இந்த ஆபீஸ்ல வயது முதிர்வால காலியாகப் போற பணியிடங்கள், பதவி வாரியா, பேர் வேணாம்.

நாலாவது கேள்விய எல்லா ஆபீஸ்லயும் கேளுங்க, குறிப்பா நீர்வளத்துறை, மின்வாரியம், பொது சுகாதாரம் மூணுலயும். அந்த லிஸ்ட் அவங்ககிட்ட இல்லன்னு பதில் வந்தா, அந்தப் பதிலோட ஒரு நகல மாவட்டக் குறைதீர் கூட்டத்துல மனுவோட சேத்துக் கொடுங்க. ஜூன் மாசமே கொடுத்துடுங்க, அக்டோபர் வரைக்கும் காத்திருக்காதீங்க.